கிளம்பு காப்பி

படுக்கை விரிப்பைக் குளியல் தொட்டியில் போட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷெஃபிகா காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். கையால் கசக்க விரல் மூட்டுகள் விடுவதில்லை. துணி துவைக்கும் இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அது சுற்றினால் சுவர் அதிரும், சுவருக்கு அந்தப் பக்கம் நெவென்காவின் வீடு. "ஒத்தை ஆளு, தினமும் என்னதான் துவைக்கிற?" என்று அவள் ஒருநாள் சும்மா கேட்டாள். அன்றிலிருந்து கால்தான்.

பிழிந்த விரிப்பைப் பால்கனிக் கொடியில் போட முடியாது. ஆறாவது மாடியானாலும் எதிர்க் கட்டடம் முழுவதற்கும் கண் உண்டு. படுக்கையறையில், அறையைச் சூடேற்றும் சுவர்த் தகட்டின் மேல் அதை விரித்துக் கதவைச் சாத்துவதற்குள், சமையலறையில் குழாயைக் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. ஷெஃபிகா ஈரக் காலோடு ஓடி, தானும் ஒரு கரண்டியை எடுத்துக் குழாயில் தட்டினாள்.

அந்தக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு சமையலறைகளுக்கும் போகிறது. காலையில் முதலில் எழுந்தவள் தட்டுவாள், மற்றவள் பதில் தட்டுவாள். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். பதில் வராவிட்டால் சாவி. இவள் வீட்டுச் சாவி அவளிடம், அவள் வீட்டுச் சாவி இவளிடம். இரண்டு பேரும் கணவர்களைப் புதைத்த பிறகு வந்த ஏற்பாடு அது. அந்தச் சாவியால்தான் ஒரு குளிர்காலக் காலையில் ஷெஃபிகா உள்ளே போய், இடுப்பெலும்பு முறிந்து குளியலறைத் தரையில் கிடந்த நெவென்காவைக் கண்டாள். இரவெல்லாம் அங்கேயே கிடந்திருந்தாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் வருவதற்குள் ஷெஃபிகா அவளைத் துடைத்து, கழுவி, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிவிட்டாள். அதைப் பற்றி இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரும்பாலை நகரமான ஸெனிட்சாவில் அந்த மாதிரிக் கட்டடங்களில் இப்போது வயதானவர்கள்தான் மிச்சம். ஷெஃபிகாவின் மகள் ஆஸ்திரியாவில், நெவென்காவின் மகன் ஸ்வீடனில். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யாமலே வேலைகள் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தன. நான்காம் மாடி வெய்சில், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூன்று வீட்டுக்கும் ரொட்டி வாங்கி வருவார். ஷெஃபிகா மேசை விரிப்பு அளவுக்கு மாவை மெல்லிசாக இழுத்து, உள்ளே உருளைக்கிழங்கோ கீரையோ வைத்துச் சுருட்டி, பித்தா சுட்டு எல்லாருக்கும் கொடுப்பாள். மருந்துக் கடை நெவென்காவின் பங்கு. இரத்த அழுத்தம் பார்ப்பதும் அவள்தான். கண்ணில் புரை விழுந்த பிறகு கையில் பட்டையைக் கட்டுவது மட்டும் அவள், எண்ணைப் படிப்பது வெய்சில். தனக்குப் பிடித்த எண்ணாகப் படிப்பார் என்று பெண்கள் இருவருக்கும் சந்தேகம் உண்டு.

ஷெஃபிகாவின் கஷ்டமே இந்தப் பங்கீட்டில்தான் இருந்தது. அவளுக்கு வேண்டிய பொருள் மருந்துக் கடையில் கிடைக்கும். நெவென்காவிடம் சொன்னால் போதும், வாங்கி வந்துவிடுவாள். அதைச் சொல்வதற்குப் பதில் பழைய துண்டுகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள்.

அவள் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஷெஃபிகா இரும்பாலையில் கிரேன் ஓட்டியவள். ஏணியில் ஏறி, கூரைக்குக் கீழே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் ஷிஃப்ட் முடியும்வரை இறங்க மாட்டாள். கீழே உருகிய இரும்பு நகரும். அதை விட்டுவிட்டு மூத்திரம் போக இறங்க முடியாது. ஆண்கள் ஒரு பாட்டிலை மேலே எடுத்துப் போவார்கள். ஷெஃபிகா எதையும் எடுத்துப் போனதில்லை. ஒரு ஷிஃப்ட் முழுக்க அடக்கிக்கொண்டு இறங்கி வந்து, அவசரமே இல்லாதவளைப் போலக் கையுறையைக் கழற்றுவாள். "இந்தப் பொம்பளைக்கு உள்ள வெச்சிருக்கிறதும் எஃகுதான்" என்று போர்மேன் சொன்னது ஆலை முழுக்கப் பரவியது. பிரசவத்துக்குப் பிறகும் அப்படித்தான். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த கைக்கடிகாரத்தை விட அதுதான் பெரிதாக இருந்தது.

இப்போது அந்த உடம்பு அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. முதலில் இருமினால், பிறகு சிரித்தால், பிறகு எதுவும் இல்லாமலே.

ஏப்ரலில் ஒருநாள் காலை, காப்பி முறை ஷெஃபிகாவுடையது. நெவென்கா வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு, சுவரைத் தடவி வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு ஜன்னலையும் தொறந்து போட்டிருக்க. குறுக்குக் காத்துல உக்கார வெச்சு என்னைக் கொல்லப் பாக்குறியா, பக்கத்துவீடு?"

முப்பது வருஷமாக ஒருவரை ஒருவர் 'பக்கத்துவீடு' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

"உன்னைக் கொல்ல காத்து பத்தாது" என்றாள் ஷெஃபிகா. ஆனாலும் ஒரு ஜன்னலைச் சாத்தினாள். திறந்து வைத்தது வாடை போக. அதைச் சொல்ல முடியுமா?

செம்பிலிருந்து முதல் காப்பியை ஊற்றினாள். விருந்தாளிக்கு முதலில் வருவது வரவேற்புக் காப்பி. அதைக் குடிக்கும்போது உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று மட்டும் கேட்பது. இரண்டாவது பேச்சுக் காப்பி. மனதில் இருப்பதெல்லாம் அதோடுதான் வெளியே வரும், மதியம் வரை நீளும். மூன்றாவது ஒன்று உண்டு. கிளம்பு காப்பி. சிறிய கிண்ணத்தில், அடிமண்டியில் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பது. பேசாமல் அதை முன்னால் வைத்தால், போதும், எழுந்து போ என்று அர்த்தம். பெண் கேட்டு வந்து பிடிக்காத மாப்பிள்ளை வீட்டாருக்கு வைப்பார்கள், வாங்கிய கடனைக் கொடுக்காத மச்சானுக்கு வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு யாரும் வைப்பதில்லை. போர்க் குளிர்காலத்தில், காப்பிக்கொட்டை கிடைக்காமல் பருப்பை வறுத்துப் பொடித்து, இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் காய்ச்சிக் குடித்தபோதுகூட அந்த மூன்றாவது கிண்ணம் இவர்களுக்கு நடுவில் வந்ததில்லை.

இரண்டாவது காப்பி வந்ததும் நெவென்கா கட்டிச் சர்க்கரையை அதில் நனைத்துக் கடித்தாள்.

"நேத்து கேளு. படிக்கட்டு முக்குல வெய்சில் நின்னாரு. முட்டி வலியிலேருந்து என் மருமக வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். மனுஷன் வாயே தொறக்கலை. கிட்டப் போய்த் தோளைத் தட்டினா, யாரோ சுருட்டிச் சாத்தி வெச்ச கம்பளம்."

"கம்பளம் என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலை. ஆனா வெய்சிலை விட நல்லாக் கேட்டுக்கிச்சு."

ஷெஃபிகா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அது நடந்துவிட்டது. மடித்து வைத்த துண்டு தாங்கவில்லை. பாவாடையைத் தாண்டி நாற்காலித் திண்டு வரை நனைந்தது தெரிந்தது.

"சிரிக்காதடி. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் நெவென்கா. குரல் மாறியிருந்தது. "ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க. வலது கண்ணு முதல்ல. அப்புறம் ஒரு மாசம் தினமும் நாலு வேளை சொட்டு ஊத்தணும். நானா ஊத்தினா கன்னத்துலதான் விழும். பையனுக்கு லீவு இல்லையாம். யார்கிட்டயும் கேக்க எனக்கு வாய் வராது, உனக்கே தெரியும். அதனால உன்கிட்ட..."

ஷெஃபிகாவுக்குக் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. பேச்சுக் காப்பி இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. இவள் மதியம் வரை உட்காருவாள். கிண்ணங்களைக் கழுவுகிறேன் என்று எழுந்து பின்னால் வருவாள். கண்ணில்தான் புரை, மூக்கில் ஒரு குறையும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாடை வரும்.

அந்தச் சமையலறை அவ்வளவு சின்னது, உட்கார்ந்தபடியே அடுப்பை எட்டலாம். ஷெஃபிகாவின் கை பின்னால் போனது. வெந்நீரை அடிமண்டியில் ஊற்றியது. சின்னக் கிண்ணத்தில் வடித்து, பாதி குடித்திருந்த பேச்சுக் காப்பிக்குப் பக்கத்தில், நெவென்காவின் முன்னால் வைத்தது.

நெவென்கா பேச்சை நிறுத்தினாள். குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள். விரலால் அதன் விளிம்பைத் தொட்டு, அளவைத் தெரிந்துகொண்டாள்.

"என்னது இது?"

"காப்பி."

"எத்தனாவது?"

ஷெஃபிகா பாவாடையை இழுத்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள்.

நெவென்கா அதை எடுத்து, சுடச்சுட, ஒரே மடக்கில் குடித்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து, வந்ததைப் போலவே சுவரைத் தடவி வாசல்வரை போனாள்.

"கண்ணுதான் தெரியலை, பக்கத்துவீடு" என்றாள் செருப்பை மாற்றிக்கொண்டே. "காப்பி தெரியுது."

கதவு சாத்தும் சத்தம் கேட்டு, அடுத்த கதவு திறந்து சாத்தும் சத்தமும் கேட்ட பிறகுதான் ஷெஃபிகா எழுந்தாள். திண்டைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை வினிகர் போட்டுத் துடைத்தாள். என்ன சொல்வது? தலை சுற்றியது என்று சொல்லலாம். தலை சுற்றினால் யாராவது காப்பி வைப்பார்களா?

மறுநாள் காலை குழாயில் தட்டினாள். பதில் வந்தது, ஒரே ஒரு தட்டு. அதை மட்டும் நெவென்கா நிறுத்தவில்லை. காப்பிக்கு வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

கீரை வைத்து ஒரு பித்தா சுட்டு வெய்சிலிடம் கொடுத்தனுப்பினாள். அந்த ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. நாலு அக்ரூட், இரண்டு வெங்காயம், எதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். தட்டு சாயங்காலமே வந்தது. பளபளவென்று கழுவி, வெறுமனே.

கொண்டு வந்த வெய்சில் உள்ளே வரவில்லை, கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"அக்கா, கட்டடமே பேசுது. இடுப்பு ஒடிஞ்சப்பத் தூக்கி நிறுத்தினவ, கண்ணுக்குச் சொட்டு ஊத்தச் சொன்னதும் காப்பி குடுத்துத் துரத்திட்டாளாம்னு."

"பேசட்டும்."

"நான் என் சம்சாரத்தோட நாப்பது வருஷம் சண்டை போட்டவன். எதுக்குச் சண்டைன்னு தெரிஞ்சா சேத்து வெச்சிடுவேன். சொல்லு, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

வெய்சில் குரலைத் தாழ்த்தினார். "கை நடுங்குதா? அதானா? நம்ம வயசுல நடுங்கத்தான் செய்யும். சொல்லு, நான் அவகிட்டச் சொல்லிடறேன். நெவென்கா புரிஞ்சுக்குவா."

நல்ல வழியாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஷெஃபிகா இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கிரேன் பிடித்த கை, ஒரு இழை அசையவில்லை.

"என் கை எப்போ நடுங்கிச்சு?" என்றாள்.

வெய்சில் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு, "அப்போ உனக்கு மனசுதான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அன்றிலிருந்து ரொட்டியை வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

கெட்டவள் என்ற பேரைச் சுமப்பது ஷெஃபிகாவுக்கு முடிந்தது. நனைத்தவள் என்ற பேர் கட்டடத்தில் ஏறி இறங்குவதை நினைத்தால்தான் உடம்பு எரிந்தது. ஆனால் மாவை இழுக்கும்போது, இரண்டு கையும் வேலையில் இருந்து மனம் சும்மா இருக்கும்போது, வேறொன்று வந்து நிற்கும். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள் என்று நெவென்கா சொன்னபோது, தனக்கு முதலில் வந்தது சந்தோஷமா? இல்லை. இனி இவளுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் வந்தது. இரண்டு வருஷமாக அந்தப் புரையின் பின்னால் அவள் பத்திரமாக இருந்தாள். பாவாடைக் கறை, குளியலறையில் தொங்கும் துண்டுகள், படுக்கைக்கு அடியில் போட்ட பிளாஸ்டிக் தாள், எதுவும் அந்தக் கண்ணில் படவில்லை. அன்று கை அந்தக் கிண்ணத்தை எடுத்தது ஈரத்துக்காக மட்டும்தானா? நினைப்பு அங்கே வந்ததும் மாவு கிழிந்துவிடும். கிழிந்ததை ஒட்டிவிட்டு மறுபடி இழுப்பாள்.

ஆபரேஷன் அன்று வெய்சில் நெவென்காவின் கையைப் பிடித்து லிஃப்டுக்கு அழைத்துப் போவதை ஷெஃபிகா கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். நெவென்கா நல்ல கோட்டை மாட்டியிருந்தாள், பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தாள். கதவைத் திறந்து சரி செய்திருக்கலாம். திரும்பி வந்த பிறகு சொட்டு ஊற்ற மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் வந்து போனாள். காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில், குதிகால் செருப்போடு. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் ஷெஃபிகா ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.

குளிர் முடிந்தது என்று மே மாதம் கட்டடத்துக்கு வரும் சூட்டை நிறுத்தினார்கள். படுக்கையறைத் தகடு குளிர்ந்துபோனது, விரிப்பு இரண்டு நாளானாலும் காயவில்லை. ஷெஃபிகாவிடம் மாற்று விரிப்புகள் தீர்ந்தன. ஒரு காலை இரண்டை ஒன்றாகத் தொட்டியில் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு மிதித்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. வாசல் கதவில் சாவி திரும்பியதும் கேட்கவில்லை.

குளியலறைக் கதவில் நெவென்கா நின்றாள். மூச்சிரைத்தது. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் சாவி.

"எத்தனை வாட்டி தட்டறது? நீ செத்துட்டியோன்னு நினைச்சேன்."

"தண்ணி ஓடுது. கேக்கலை" என்றாள் ஷெஃபிகா. தொட்டிக்குள், முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய பாவாடையோடு நின்றாள். இறங்கவும் முடியவில்லை, மறைக்கவும் எதுவும் இல்லை.

நெவென்காவின் வலது கண் கழுவிய கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அது மெதுவாகச் சுற்றியது. விரிப்பு. கம்பியில் தொங்கிய துண்டுக் கிழிசல்கள், மடித்துத் தைத்தவை. கதவின் பின்னால் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்.

"அன்னைக்கா?" என்றாள்.

ஷெஃபிகா குனிந்து குழாயை மூடினாள்.

"கம்பளத்துக்குச் சிரிச்சியே. அப்பவா?"

"ம்."

நெவென்கா துவைக்கும் இயந்திரத்தின் மேல் கரண்டியை வைத்தாள்.

"நீ கை விட்டுட்டேன்னு இருந்தேன். அந்த மூணாம் மாடிப் பொண்ணு கண்ணைத் தவிர எல்லா இடத்துலயும் சொட்டு ஊத்தினா. மூக்குல, காதுல. ஒருநாள் வாயில. கசப்பு." ஷெஃபிகா சிரிக்கவில்லை. நெவென்காவும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. "நான் இதே மாதிரி ஒரு தரையில எப்படிக் கிடந்தேன்னு பாத்தவ நீ. நீ கழுவறப்ப கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன். செத்தாத் தேவலைன்னு இருந்துச்சு. ஆனா போடின்னு உன்னைச் சொல்லலை."

"அது வேற."

"எது வேற?"

ஷெஃபிகா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, இறங்கு. நீயும் விழுந்து தொலைக்காத." நெவென்கா கையை நீட்டினாள். ஷெஃபிகா அதைப் பிடித்து இறங்கினாள். பிறகு பழக்கமாகச் செய்வதைப் போல ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, எதிரெதிராக முறுக்கி, இரண்டு விரிப்பையும் பிழிந்தார்கள். கிரேன் கை அதிகமாக முறுக்கியது, நெவென்கா தடுமாறினாள், "மெதுவா, இது இரும்பு இல்ல" என்றாள்.

பிழிந்ததை நெவென்கா எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இங்க எங்க காயும்? என் கொடியில போடறேன். பாக்கிறவன் என்னுதுன்னு நினைச்சுக்கட்டும். மருந்துக் கடைலயும் எனக்குன்னு சொல்லி வாங்கறேன். அந்தக் கடைக்காரன் எனக்கு என்னென்னவோ குடுத்திருக்கான், இது ஒண்ணு கூட." கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். ஏப்ரலிலேயே திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தது. மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கதவுவரை போனவள் நின்றாள். கம்பியில் தொங்கிய துண்டுகளை மறுபடி பார்த்தாள்.

"இதெல்லாம் இங்கதான் தொங்கிச்சு, இல்ல? போன வருஷமும். நான் இந்தத் தொட்டியிலதான் கை கழுவுவேன்."

"இங்கதான்."

"ஒண்ணு மட்டும் சொல்லு, பக்கத்துவீடு." விரிப்பின் ஈரம் அவள் தோளில் ஊறிக்கொண்டிருந்தது. "எனக்குக் கண்ணு தெரியாம இருந்தது உனக்கு வசதியா இருந்துச்சா?"

தொட்டியில் மிஞ்சிய தண்ணீர் ஓட்டையில் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஷெஃபிகா அதையே பார்த்தாள். பாவாடையை இன்னும் இறக்கிவிடவில்லை. நெவென்கா தண்ணீர் முழுசும் போகும்வரை நின்றாள். கடைசி மடக்கு களகளவென்று இறங்கி அடங்கியதும் கரண்டியை எடுத்துக்கொண்டு, தோளில் விரிப்புகளோடு, சுவரைத் தொடாமல், வெளியே போனாள்.